தவணை

பத்திரத்தில் இன்னும் பதினோரு ஏக்கர்தான்.
மாடுகள் மேய்வது ஒன்பதரை.
மீதி ஒன்றரையில்
அலை மேய்கிறது.

கடல்கோள் என்றால்
ஒரே ராத்திரியில் எழுந்து வரும் மலை என்று
நினைத்துக்கொண்டிருந்தாள் மெரன் ஃபூபிஸ்டர்.
இல்லை, அது தவணை.
தென்கிழக்குக் காற்று மூன்று நாள் நின்று அடித்தால்
ஒரு முழம்.
பௌர்ணமியும் சேர்ந்துகொண்டால்
வட்டியோடு.

அந்த ஜனவரியில்
வேலிக்கம்பம் ஒன்று மண்ணை விட்டு
தன் கம்பியையே பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடியது.
அதன் கீழே, கரையின் வெட்டுமுகத்தில்
புல்வேர், வெளுத்த மணல், சிவந்த சாம்பல் கோடு,
பிறகு
யாரோ அடுக்கிய சுவர்.

ஜூலையில் அலஸ்டேர் வந்தான், ஆறு பேரோடு.
நான்கு வாரத்துக்குத்தான் பணம்.
ஓர்க்னித் தீவுகளில் மரம் அரிது;
கல்லே கட்டில், கல்லே அலமாரி,
சாக்கடைக்கும் கல் மூடி.
அவர்கள் கரண்டி கரண்டியாக அள்ளினார்கள்,
பைக்குள் பை, பைமேல் எண்.
"கடலும்தான் தோண்டுகிறது" என்றான் அவன்,
தேநீர் ஆறிப்போவது தெரியாமல்.
"நோட்டில் மட்டும் எழுதுவதில்லை."

சல்லடையில் தங்கிய ஒரு மாட்டுப்பல்லை
மெரன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
ஏழு வயதிருக்கும், பசு,
மணலோடு சேர்த்துப் புல் கடித்திருக்கிறது.
மேய்ச்சல் போதாத வருஷம்.
இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய
அந்தப் பற்றாக்குறையை
அவன் அப்படியே எழுதிக்கொண்டான்.

அண்ணன் சிகுர்ட் பழைய டயர்களைக் கொட்டிப் பார்த்தான்.
முதல் புயலிலேயே
அவை பக்கத்து விரிகுடாவுக்குக் குடிபோயின.
பாறை கொட்ட அனுமதி கேட்டதற்கு
அலுவலகத்திலிருந்து மரியாதையான கடிதம்:
காப்பாற்றும் செலவு
காப்பாற்றப்படுவதைவிட அதிகம்.
அதை அவள் குளிர்ப்பெட்டியில் ஒட்டவில்லை,
கிழிக்கவும் இல்லை.
மாட்டு மருந்துச் சீட்டுகளோடு கிடக்கிறது.

போகும்போது அலஸ்டேர்
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் ஒன்றைக்
கொடுத்துவிட்டுப் போனான்.
ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒரு படம்,
இந்தக் கோலைப் பக்கத்தில் வைத்து.
அவ்வளவு போதும்.

நவம்பர். அதிகாலை நான்கு மணி, வற்றம்.
டார்ச்சோடு இறங்கினாள்.
தரைமண் முழுக்கக் கழுவப்பட்டு
வீட்டின் நடுவில் அடுப்பு தெரிந்தது,
நான்கு கல், நெருப்புக் கருக்கிய உட்புறம்.
அடுப்பில் பூனை தூங்கும் வீடு என்பார்கள்.
இந்த வீட்டு அடுப்பில்
கடல்நாய்க் குட்டி.

வெள்ளை ரோமம், பிறந்து நாலைந்து நாள்.
காற்றுக்கு மறைவான இடம்
அந்தக் கரை முழுக்க அது ஒன்றுதான்.
தண்ணீர் ஓரத்தில் தாயின் தலை
வருவதும் மறைவதுமாக இருந்தது.
கோலை வைக்கக் கை நீட்டினாள்.
குட்டி வாயைத் திறந்து
தன் முழு பலத்தோடு சீறியது.
கையை இழுத்துக்கொண்டு
எட்ட நின்றே படம் எடுத்தாள்.

மாலையில் அவன் கேட்டான்: அளவுகோல் எங்கே?
அவள் எழுதினாள்: குட்டி மூன்றடி இருக்கும்.

மறுநாள் குட்டி இல்லை.
அதற்கடுத்த நாள் அடுப்பு இல்லை.
கரையெல்லாம் தேடினாள்,
கருகிய பக்கமுள்ள கல்லுக்காக.
ஈரத்தில்
எல்லாக் கல்லும் கருப்பு.

மார்ச்சில் வேலியைப் பத்தடி உள்ளே தள்ளினார்கள்.
சிகுர்ட் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
மூன்றாவது குழியில்
மண்வெட்டி ஓசையை மாற்றியது.
மண்டியிட்டுக் கையால் விலக்கினாள்.
படுக்கவைத்த பலகைக்கல்,
அதை ஒட்டி இன்னொன்று,
இடையில் விரல்கூட நுழையவில்லை.

"பாறையா?" என்றான் அண்ணன்.
"ம்" என்றாள்.

மண்ணைத் திரும்பத் தள்ளி
காலால் மிதித்து இறுக்கி
புல்கட்டியைத் தலைகீழாகாமல் பார்த்து வைத்து,
கம்பத்தை
ஓரடி தள்ளி நட்டாள்.